மிக்ஸி பாயிண்ட்டில் ஒரு அப்டேட்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் வெகுகாலமாக இருந்துவரும் ஒரு நம்பிக்கை. சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிடங்கில் உட்கார்ந்து, இன்றைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை போனது என்று தட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தகுதியோடு குளச்சலுக்குத் திரும்பி வந்து ஜெராக்ஸ் கடை போட்டேன். அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும், "ஷஹீர் காக்காவக் கூப்பிடு" என்பார்கள். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். நான் போவேன். அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிப்பேன். இதுவரை யாரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

முதன்முதலாக எதிர்த்துப் பேசியது என் தங்கை ஷாஜிதா பேகம் வீட்டுக் கம்ப்யூட்டர்தான்.

ஷாஜிதாவின் மகள் சஜ்னா பி.காம். முடித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு பில் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ஹாஸ்டல் தேட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். அந்தக் கடைசி விஷயம்தான் சஜ்னாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அவர்களுடைய மென்பொருள், கம்ப்யூட்டரின் இயங்குதளம் புதிய பதிப்பாக இருந்தால்தான் உட்காருமாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் உள்ளே நுழைந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

புது லேப்டாப் வாங்கலாம் என்றால், வீட்டுக்கு அப்போதுதான் மாடி எடுத்திருந்தார்கள். தம்மாமில் வெயிலில் நிற்கிற வாப்பாவிடம் போய் அதையும் கேட்கச் சஜ்னாவுக்கு மனசில்லை.

"அப்டேட்தானே? நான் போட்டுத் தாரேன் மக்களே," என்றேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. என் குரலில் இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்தக் கம்ப்யூட்டரை ஷாஜிதா வீட்டு ஹாலில் நிறுவியவனும் நானே. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேஜை. டிவி, கம்ப்யூட்டர், இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன், சுவரில் ஒரே சுவிட்ச். "ஒரு விரல்ல எல்லாம் ஆஃப், கரண்டு மிச்சம்" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனபோது, "இது எதுக்கு வீணா" என்று கழற்றிவிட்டதும் நான்தான். அது இப்போது பின்வாசலில் புதினாச் சட்டிக்கு ஸ்டூலாக நல்ல சேவை செய்துவருகிறது. கரண்டு போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்துகொள்ளும்படி உள்ளே ஒரு ஏற்பாடும் செய்துவைத்திருந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

சாயங்காலம் கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு வந்து அப்டேட்டைத் தொடங்கினேன். அது இறங்கி, தயாராகி, தன்னைத் தானே அணைத்துப் போட்டு, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்போது அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"நான் பள்ளிக்குப் போயிட்டு வாறேன். நான் வாறது வர ஒருத்தரும் கிட்ட போகப்பிடாது. மவுசக்கூடத் தொடப்பிடாது," என்று உத்தரவு போட்டேன்.

ஷாஜிதா உத்தரவுக்கு ஒரு படி மேலே போனாள். பூ வேலை செய்த துணி ஒன்றை எடுத்துவந்து மானிட்டர் மேல் போர்த்தினாள். "கடக்காத்து உப்பு காக்கா. சும்மா கெடக்கப்பவே இரும்ப அரிச்சிட்டுப் போவுது. இது இப்பம் பலவீனமா வேற இருக்கு."

தொழுதுவிட்டு வந்து துணியைத் தூக்கினேன். திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: முடியவில்லை, செய்ததையெல்லாம் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் சாயா குடித்துவிட்டு, "ஊருக்குப் போய் சொல்லி அனுப்புதோம்" என்பார்களே, அப்படி ஒரு மரியாதை.

புதன்கிழமை, இடம் போதவில்லை என்று கண்டுபிடித்தேன். உள்ளே திறந்து பார்த்தால் சொந்தத்தில் நடந்த கல்யாண வீடியோக்கள் எல்லாம் குடியிருந்தன. மருதாணிக்கு ஒன்று, நிக்காஹ்வுக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் பெண்டிரைவுக்கு மாற்றினேன். நெய்ச்சோறு பரிமாறுகிற காட்சி மட்டும் அவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்குத் தெரியும். மறுபடி தொடங்கினேன். பள்ளிக்குப் போனேன். வந்தேன். துணியைத் தூக்கினேன். பழையபடி.

"கரண்டு போச்சா ஷாஜிதா?"

"இல்லியே காக்கா. ஃபேன் சுத்திக்கிட்டுல்லா இருந்து."

வியாழக்கிழமை, வைரஸ் என்று சந்தேகித்து அதற்கு ஒரு மருந்து கொடுத்தேன். அன்றைக்கும் அதே கதி.

"மாமா," என்றாள் சஜ்னா, "நாளைக்குக் காலைல நானே ஒரு வாட்டி போட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம் மக்களே. நான் இல்லாதப்பம் தொட்டிராத. இது ஆபரேஷன் மாதிரி. நடுவுல என்னமாச்சும் ஆச்சுன்னா உள்ளதும் போயிரும்."

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பரீட்சைக்கு முந்தின நாள் இப்படித்தான் நிற்பாள். அந்த வேலைக்காகக் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலம் பேசிப் பேசிப் பழகியவள். நான் கிடங்குக் கணக்கன். என் வீம்பில் இவளுடைய வேலை போய்விடுமோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

ஷாஜிதாவோ அடுத்த வழியில் இறங்கியிருந்தாள். வேலை அமைந்துவிட்டால் தெருவுக்கே நெய்ச்சோறு கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு தொழுகையிலும் கம்ப்யூட்டருக்காகத் தனியாகத் துஆ கேட்டாள். "அதுக்குள்ள என்ன தீனம் இருந்தாலும் மாறட்டும்னு கேட்டிருக்கேன்," என்று என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கௌரவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெனிஷுக்குப் போன் செய்தேன். ரெனிஷ் பக்கத்து ஊரான கருங்கலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அவனைப் பற்றி நான் அங்குமிங்கும் சொன்னதெல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கும். இருந்தாலும் எடுத்தான். பின்னணியில் செண்டை மேளம் முழங்கியது. அவர்கள் கோயில் திருவிழா. சீரியல் செட், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு.

"தூக்கிட்டு வாங்க காக்கா, திங்கக்கெழம பாத்துரலாம்."

"நாளைக்குக் காலைல வேணும்டே."

"அப்பம் போன்லதான். எத்தன பர்சென்டுல நிக்குது?"

"தெரியல்ல. நான் வரும்போ அது திரும்பி வந்துக்கிட்டு இருக்கு."

"அதுக்கு முன்ன நீங்க எங்க போறிய?"

"பள்ளிக்கு."

மேளத்தையும் மீறி அவன் சிரிப்பது கேட்டது. "நீங்கதானே சொல்லுவிய, ஆபரேஷன் மாதிரின்னு. பேஷண்ட மேசைல கிடத்திட்டு டாக்டரு வெளிய போனா எப்பிடி? ஒரு நாள் பக்கத்துல இருந்து பாருங்க. எந்த எடத்துல விழுதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. அதுக்குப் பொறவு மதர்போர்டப் பத்திப் பேசலாம்."

மதர்போர்டு என்ற வார்த்தையை அவன் கொஞ்சம் அழுத்திச் சொன்னது போலிருந்தது. இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நாற்காலியைப் போட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"பள்ளிக்குப் போகல்லியா காக்கா?" என்றாள் ஷாஜிதா, கையில் துணியோடு.

"இன்னைக்கு இங்கயே தொழுதுக்கிடுதேன். துணி வேண்டாம். நான் மூஞ்சியப் பாக்கணும்."

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பத்து, இருபது, முப்பது. பின்னால் சஜ்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிவியில் யாரோ ஒரு அம்மாள் கத்திரிக்காயை எண்ணெயில் போட்டு, பொன்னிறமாக வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பது. அறுபது. "இந்த வாட்டி போயிரும் மாமா," என்று கிசுகிசுத்துவிட்டு, சஜ்னா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் பின்வாசல் குழாய்க்குப் போனாள். எழுபது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

பள்ளியில் பாங்கு தொடங்கியது.

அடுக்களையிலிருந்து ஷாஜிதா வந்தாள். தோளில் கிடந்த தட்டத்தை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே, நடையைக்கூட நிறுத்தாமல், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

கத்திரிக்காய் மறைந்தது. என் எழுபதும் மறைந்தது. இன்டர்நெட் பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைப் பொட்டுகளும் மறைந்தன. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

என் வாய் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. பாங்கு சொல்லும்போது பேசக்கூடாது என்பது எங்கள் வாப்பா போட்ட சட்டம். கல்யாணப் பேச்சானாலும் சரி, சொத்துச் சண்டையானாலும் சரி, பாதி வார்த்தையில் நிற்கும். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். செத்துக் கிடக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே பாங்கின் வரிகளை வழக்கம்போல உதட்டுக்குள் திருப்பிச் சொன்னேன். கண்ணை மூடினேன். திறந்து பார்த்துத் தாங்காமல் மறுபடி மூடினேன். காக்காவுக்கு இப்படி ஒரு பயபக்தி வந்துவிட்டதே என்று ஷாஜிதா நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து அவ்வளவு அன்பாகத் தலையை ஆட்டினாள். ஒரு பள்ளியில் முடிந்தது. முடியட்டும் என்று காத்திருந்தது போல அடுத்த பள்ளியில் தொடங்கியது.

அதுவும் முடிந்ததும் அவள் சுவிட்சைப் போட்டாள். டிவியை உறங்கவிட்டு, தொழுகை விரிப்பான முசல்லாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நான் செய்துவைத்த ஏற்பாட்டின்படி கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. கொட்டாவி விடுவது போலக் கொஞ்சம் முனகியது. பிறகு எழுதியது: முடியவில்லை, பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

மூணு நாளும் நான் பள்ளியில் முன்வரிசையில் நின்று, "யா அல்லாஹ், அந்த அப்டேட்டை முடித்துக்கொடு" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம், இங்கே என் தங்கை ஒரு விரலால் அதை முடித்துக்கொண்டிருந்தாள். ரிமோட்டில் அணைத்தால் டிவியில் ஒரு சின்ன சிவப்பு லைட் எரியும். அது அவளுக்கு ஆகாது. "உறங்கல்ல, கண்ண மூடிக்கிட்டு கெடக்கு," என்பாள். பாங்கு நேரத்தில் டிவி முழுசாக அடங்கிக் கிடக்க வேண்டும். எனவே சுவிட்ச். அந்தச் சுவிட்சில் எல்லாவற்றையும் கட்டிவைத்தது யார்? சாயா குடித்துக்கொண்டே கட்டிவைத்தவன்.

ஈர முகத்தோடு சஜ்னா வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. நான் உள்ளறையைக் காட்டினேன். சுவிட்சைக் காட்டினேன். விரலை 'டக்' என்று தட்டிக் காட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உம்மாட்ட சொல்லாண்டாம் மாமா," என்றாள் மெதுவாக. "தெரிஞ்சா உறங்காது. போன மாசம் பக்கத்து வீட்டு சூசையண்ணனுக்குக் குடுத்த பாயாசத்துல இனிப்பு கொறஞ்சதுக்கே மூணு நாளு பொலம்பிச்சு."

"நான் எதுக்குச் சொல்லுதேன். கட்டினவன் நான், அவளச் சொல்லி என்னத்துக்கு."

தொழுதுவிட்டுக் கடைக்கு ஓடி நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துவந்தேன். ஹாலில் வேறு பாயிண்ட் கிடையாது. அடுக்களையில் மிக்ஸி பாயிண்ட் இருந்தது. மிக்ஸியைக் கழற்றிவிட்டு, கதவிடுக்கு வழியாக ஒயரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் பெட்டியையும் அதில் மாட்டினேன்.

"மிக்ஸியில எதுக்குக் காக்கா?" என்றாள் ஷாஜிதா.

"அந்த லைன்ல வோல்டேஜ் சுத்தமா இருக்கும். நித்தமும் தேங்கா அரைக்கிற லைன் பாத்தியா."

இதைவிட மோசமான பொய்யை என் வாழ்நாளில் சொன்னதில்லை. ஷாஜிதா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அதுஞ் செரிதான். மிக்ஸி ஒருநாளும் மக்கர் பண்ணினதில்ல," என்றாள். "அப்பம் அரைப்புக்கு என்ன செய்ய?"

"இன்னைக்குப் பொரிச்ச மீனு போதும்."

"ஒங்களுக்குப் போதும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மறுபடி தொடங்கினோம். எண் ஏறியது. எழுபதைத் தாண்டும்போது இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு ஒலித்தது. ஷாஜிதா தட்டத்தை இழுத்துக்கொண்டு வந்து 'டக்' என்றாள். டிவி அணைந்தது. சஜ்னா என் சட்டையைப் பிடித்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாங்கு முடியும்வரை இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்தோம். கம்ப்யூட்டரில் எனக்கு இவ்வளவு பிடித்த காட்சி வேறு கிடையாது. கொஞ்ச நேரத்தில் புதுத் திரை வந்தது. நீல நிறத்தில் ஏதோ ஒரு பூ மாதிரி படம். "வணக்கம்" என்றது ஆங்கிலத்தில். ஷாஜிதா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தையாக எவ்வளவு அரிசி போடுவது என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மென்பொருள் உட்கார்ந்துவிட்டது, கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து பயிற்சி. சஜ்னா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி. ரெனிஷுக்குப் போன் செய்து, "செரியாச்சுடே. வயரிங்ல சின்ன பிரச்சன," என்றேன். "யாரு செஞ்ச வயரிங் காக்கா?" என்றான். மேளச் சத்தத்தில் கேட்காத மாதிரி வைத்துவிட்டேன்.

ஆனால் நெய்ச்சோற்றுக்கு மசாலா அரைக்க வேண்டும். மிக்ஸி அதன் இடத்துக்கு வந்தாக வேண்டும். "திங்கக்கெழம எலக்ட்ரீசியன் ஜான்ரோஸ் வந்து தனி பாயிண்ட் அடிச்சுத் தருவான். அதுவர பழைய எடத்துலயே இருக்கட்டும்," என்று கம்ப்யூட்டரைப் பழைய எக்ஸ்டென்ஷனிலேயே மாட்டிவிட்டுக் கடைக்கு வந்தேன். நான் புறப்படும்போது ஷாஜிதா கையில் துடைப்பத்தோடு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து, சுவிட்சிலிருந்து இறங்கும் ஒயர்களைக் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டிருந்தாள். ஒட்டடை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் யாருக்கோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பயிற்சி ஐந்து மணிக்கு. மஃரிப் ஆறே கால் வாக்கில். கம்ப்யூட்டர் பழைய சுவிட்சில்.

அட்டையின் பின்பக்கத்தை எடுக்காமலே கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடினேன். என் வயதில், என் வயிற்றோடு, கடற்கரைச் சாலையில் ஓடுவது பார்க்கத்தக்க காட்சியல்ல. இரண்டு பேர், யார் வீட்டில் மௌத்து, எப்போது அடக்கம் என்று கேட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். சஜ்னா காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் யாரோ ஒருவருடைய மூட்டு ஆபரேஷன் பில். அவளும் என்னைப் போலவே மறந்திருந்தாள் என்பது அந்த நிம்மதியான முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. டிவி சத்தம் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராகப் போய் டிவி ஸ்டாண்டில் சாய்ந்து, சுவிட்சை முதுகால் மறைத்து நின்றேன்.

"என்ன காக்கா, அங்க போய் நிக்கிய? இருங்களேன்," என்றாள் ஷாஜிதா.

"கால் மரத்துப்போச்சு. நின்னாத்தான் நல்லது."

"மரத்துப்போன காலோடயா ஓடி வந்திய?"

பதில் தேடுவதற்குள் பாங்கு தொடங்கியது. இனி பேச முடியாது. ஷாஜிதா தட்டத்தைத் தலையில் போட்டுக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். நான் இன்னும் கொஞ்சம் அகலமாக நிற்கப் பார்த்தேன். அதற்கெல்லாம் எனக்குப் பெரிய சிரமம் கிடையாது.

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். மகளின் முதுகைப் பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சோபா மெத்தைக்கு அடியில் கையை விட்டு, வாங்கின நாளிலிருந்து பாலித்தீன் உறை கழற்றாத ரிமோட்டை வெளியே எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடி அமுக்கினாள்.

டிவி அணைந்தது. மூலையில் சின்னதாக அந்தச் சிவப்பு லைட் எரிந்தது. ஷாஜிதா அதை ஒரு பார்வை பார்த்தாள். எரியவிட்டாள்.

பாங்கு நேரம், எனவே நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. பிறகும் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. முகவாயை மட்டும் லேசாக உயர்த்தி, வாசலில் கிடந்த என் செருப்பைக் காட்டினாள். நான் பள்ளிக்குப் போனேன்.